மின்னஞ்சல் மோசடியும் குடியானவர் பாங்கிக் கணக்கும்

2019-ம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிஸான் திட்டத்தின்கீழ், வருஷத்திற்கு ரூ.6,000 மூன்று தவணைகளாகக் குடியானவரின் பாங்கிக் கணக்கில் நேரே சேர்க்கப்படுகிறது. இதனை அறிந்த வஞ்சகர், "விவரம் புதுப்பிக்கப்படாமையால் தவணை நிறுத்தப்பட்டது, இன்றே இவ்விணைப்பில் பதிவு செய்க" என்று சர்க்கார் முத்திரையுடன் மின்னஞ்சல் விடுக்கின்றனர். இ-கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்பு இத்திட்டத்திற்கு உண்மையிலேயே அவசியமாதலால், விஷயமறிந்தவரும் ஏமாற நேரிடுகிறது.

முத்திரையைக் கொண்டு உண்மையை நிச்சயித்தல் இயலாது. அதனை எவரும் நகல் செய்யலாம். தளத்தின் பெயரையே நோக்குதல் வேண்டும். இத்திட்டத்தின் தளப்பெயர் 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என முடியும். அவ்வெழுத்துக்கள் நடுவில் நின்று ஈற்றில் வேறு பெயர் வரின், அது போலியாம். கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாது, தளப்பெயரைத் தாமே தட்டெழுதியோ, பொதுச் சேவை மையத்திற்கு நேரிற் சென்றோ சரிபார்ப்பை முடித்துக்கொள்ளலாம். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் எக்காலத்தும் வேண்டுவதில்லை.

விவரத்தைக் கொடுத்துவிட்டவர் வெட்கத்தால் அதனை மறைத்தல் கூடாது. இரகசிய விவரத்தைத் தாமே வெளியிட்டவருக்குப் பாங்கிக்கு அறிவிக்கும் வரை நேரும் நஷ்டம் அவரையும், அறிவித்தபின் நேருவது பாங்கியையும் சாரும் என ரிசர்வ் பாங்கியின் 2017-ம் வருஷத்து உத்தரவு வகுத்தது. ஆகவே தாமதம் ஒவ்வொன்றும் நஷ்டத்தைப் பெருக்கும். உடனே பாங்கிக்கும், 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கும் அறிவித்தல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்வெண்ணைத் தத்தம் அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் யாவரும் காண எழுதிவைப்பது மிக்க பயன் தரும்.