அண்ணன் பிடித்தால் அசைய முடியாது!

பொங்கல் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் கபடிக் களம் தயாராகிவிடும். கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்களிலும் அப்படித்தான். நாலு கம்பம் நட்டு விளக்குப் போடுவார்கள். ஒலிபெருக்கி அலறும். விடிய விடிய ஆட்டம் நடக்கும்.

"கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு ஒருவன் போகிறான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் துள்ளித் திரும்புகிறான். உடனே கைதட்டல்! ஒலிபெருக்கியில் அவன் பெயர்!

எதிர்ப் பக்கம் ஏழு பேர் நிற்கிறார்களே, அவர்களை யார் கவனிக்கிறார்கள்? அதிலும் ஓரத்தில் குனிந்து நிற்கிறானே ஒருவன்! பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பது அவன் வேலை. முழங்கை சிராய்க்கும். விரல் பிசகும். சில சமயம் முகத்தில் உதையும் விழும். வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் திட்டு வேறு!

அந்த ஓரத்து ஆட்டக்காரரைக் 'கார்னர்' என்று சொல்லுவார்கள். அந்த மூலையில் நின்றே உலகக் கோப்பை வரை போனார் ஒரு தமிழர். அவர் பெயர் தர்மராஜ் சேரலாதன்.

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1975-ம் ஆண்டு பிறந்தவர் அவர். நின்ற இடம் வலது கார்னர்.

அரை விநாடி வித்தை

கார்னர் வேலை எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பாடி வருபவருக்கு 30 விநாடிதான் நேரம். அதற்குள் யாரையாவது தொட வேண்டும். அல்லது போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை ஊன்ற வேண்டும். அப்படிக் காலை நீட்டும்போது உடம்பின் பாரம் முழுவதும் மற்றக் காலில் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடித்தால் ஆள் அகப்பட்டார்.

கொஞ்சம் முந்தினால், அவர் தொட்டுவிட்டு ஓடிவிடுவார். கொஞ்சம் பிந்தினால், கையில் காற்றுதான் மிஞ்சும்! பிடித்தாலும் முடிந்துவிடவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் வந்து விழுந்து அமுக்கும் வரை விடாமல் இருக்க வேண்டும். 80 கிலோ ஆள் உதறுகிற உதறலைத் தாங்கவேண்டும்.

இதற்குப் பலம் மட்டும் போதாது. பாடி வருபவரின் தோளையும் இடுப்பையும் பார்த்து, எந்தக் காலை நீட்டப் போகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இது வயது ஆக ஆகத்தான் கைவரும். சேரலாதன் நாற்பதைத் தாண்டியும் ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

அமெரிக்காவிலும் உண்டு

அமெரிக்காவில் ஒரு பந்தாட்டம் உண்டு. கால்பந்து என்று பெயர், ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள்! அதில் 'லைன்மேன்' என்று ஐந்து பேர். நம் ஊரில் லைன்மேன் என்றால் மின்சாரக் கம்பத்தில் ஏறுகிறவர். அங்கே அவர் 140 கிலோ எடையுள்ள ஆட்டக்காரர்.

பந்தை எறிவதும், பிடித்துக்கொண்டு ஓடுவதும் அவர்கள் வேலை அல்ல. நடுவில் நிற்பவர் மட்டும் ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பார். அதோடு சரி. பந்தை எறியும் தலைவரை எதிரிகள் நெருங்காதபடி சுவர்போல் நின்று தடுப்பதுதான் ஐவரின் தொழிலும். தடுத்தால் யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். கோட்டை விட்டால் நாடே சொல்லும்!

கோட்டை விட்டால் என்ன ஆகும்? 1985-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி வாஷிங்டன் அணித் தலைவர் ஜோ தைஸ்மன், எதிரணி வீரர் பாய்ந்து அமுக்கியதில் கால் எலும்பு முறிந்து விழுந்தார். லட்சக்கணக்கானவர்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். அவர் மறுபடி ஆடவே இல்லை.

கிளீவ்லாந்து அணியில் ஜோ தாமஸ் என்று ஒரு லைன்மேன். 2007-ல் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்த நாளில் மற்றவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனார்கள். இவரோ அப்பாவோடு ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார்! அன்று முதல் 2017 வரை தொடர்ந்து 10,363 தடவை களத்தில் நின்றார். நடுவில் ஒரு தடவைகூட வெளியே உட்காரவில்லை. கையில் தசைநார் கிழிந்த பிறகுதான் நின்றார். இத்தனைக்கும் அவர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 2017-ல் 16 ஆட்டத்தில் 16-ம் தோல்வி! ஆனாலும் 2023-ல் தாமஸைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், ஆட்டத்துக்காக ஏற்றிய எடையில் 20 கிலோவுக்கு மேல் குறைத்ததுதான்.

41 வயதுத் தலைவர்

நம் சேரலாதனுக்கு யோகம் தாமதமாக வந்தது. 2014-ல் புரோ கபடிப் போட்டி தொடங்கி, டெலிவிஷனில் காட்டினார்கள். மண்ணில் ஆடிய ஆட்டம் மெத்தைக்கு ஏறியது. அப்போது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயது!

2016-ல் பாட்னா அணிக்கு அவர்தான் தலைவர். அந்த அணியில் பாடிப்போய்ப் புள்ளிகளைக் குவித்தவர் பிரதீப் நர்வால். வயது 19. தலைவருக்கோ 41! ஜூலை 31-ந் தேதி ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூர் அணியை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்திய அணியில் சேரலாதனும் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி! ஊரே திகைத்துப்போனது. பிறகு சுதாரித்துக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் பாதி வரை ஈரான்தான் முந்தி நின்றது. கடைசியில் 38-29 என்று இந்தியா வென்றது.

கபடி உலகில் அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் தெரியாத வடநாட்டு வீரர்களுக்கும் அவர் 'அண்ணா'தான்!

"கபடி சோறு போடுமா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். நன்றாக ஆடினால் ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. ஆனால் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. முழங்கால் போய்விட்டால் அந்த வாசலும் அடைபடும். அதனால் பையன் பள்ளிக்கூடத்தையும் விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

சேரலாதன் 2019-ல் அரியானா அணிக்காக ஆடினார். அதன் பிறகு கொரோனா வந்து போட்டி நின்றது. 2021 டிசம்பரில் பெங்களூரில் மறுபடி தொடங்கியபோது பார்க்க ஆட்களை விடவில்லை. அந்தக் காலி அரங்கில் ஜெய்ப்பூர் அணியில் அவரும் இருந்தார். வயது 46. கூட இருந்தவர்களில் அவர் வாலிபராக இருந்தபோது பிறந்தே இராத பையன்களும் உண்டு.