பூட்டிக் கிடக்கும் வீடுகளும் கையில் இல்லாத உறுதிகளும்

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்ட பெண்களில் பலர், வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டுதான் போனார்கள். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. பலாலியைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. இரண்டு கிழமை இருபது வருடத்தையும் தாண்டியது. போர் 2009இல் முடிந்த பிறகும், 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அதன்பின்னும் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன.

அப்படி விடுவிக்கப்பட்ட ஓரிடத்துக்கு ஒரு அம்மாவுடன் போயிருந்தேன். வீடு இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கை இருந்த அடையாளமும் இல்லை. கிணற்றைக் கண்டுதான் தன் வளவை அடையாளம் பிடித்தார். "கிணத்துக்கு வடக்காலைதான் எங்கட குசினி" என்று நின்ற இடத்திலேயே நின்றார். அயல் வளவுக்காரர் ஒருவர் கனடாவில். மற்றவர் இந்திய முகாமொன்றில். எல்லையைக் காட்ட அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

இங்கேதான் பழைய உறுதிகளின் குறை தெரிகிறது. "கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் பங்கு" என்று எழுதி, இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று முடித்திருப்பார்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கு இருக்கும். நில அளவைப் படம் இருக்காது. இன்னார் செத்து, அவர் பிள்ளைகளும் ஊரில் இல்லாதபோது அந்த எல்லை எங்கே? ஆகவே காணி கைக்கு வந்தவுடன் கதியால் போடுவதற்கு முன்னர், அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து படம் எடுப்பது நல்லது. அயலவர் வெளிநாட்டில் இருந்தாலும் கடிதம் மூலம் அறிவித்துவிட்டு அளக்க வேண்டும். பின்னர் வரும் பிணக்குகள் பெரும்பாலும் ஓரடி, இரண்டடி வேலிக்காகத்தான்.

உறுதி எரிந்துபோயிற்று, இடம்பெயர்வில் தொலைந்துபோயிற்று என்று கைவிட்டவர்கள் உண்டு. அது வேண்டாம். நொத்தாரிசு ஓர் உறுதியை முடித்தால் மூலம் உங்களிடம் வரும். ஒரு பிரதி அவரது கோவையில் இருக்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழியுண்டு. தெரியாவிட்டால் சகோதரியின் சீதன உறுதியிலாவது தேடுங்கள். ஒரே மூலக் காணியிலிருந்து பிரிந்த பங்குகளில் முன் உறுதியின் விபரம் எழுதப்பட்டிருக்கும்.

காணிக்கு இன்னொரு ஆபத்து, இராணுவம் போன பிறகு வருவது. ஆளில்லாத வளவில் யாராவது வந்து குடியிருப்பார்கள். சில இடங்களில் பொய் அற்றோணித் தத்துவம் வைத்து விற்றும் இருக்கிறார்கள். நமது சட்டப்படி, பிறர் காணியை உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டு தொடர்ந்து, இடையூறின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். ஆனால் நீங்கள் அனுமதித்து இருத்தியவருக்கோ, வாடகைக்காரருக்கோ அந்த உரிமை எளிதில் வராது. பங்காளி ஒருவர் முழுக் காணியையும் ஆண்டாலும் அப்படித்தான். ஆகவே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இருத்தினால், "உரிமையாளரின் சம்மதத்துடன் பராமரிக்கிறேன்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறோம். கூச்சத்தில் போன காணிகள் எத்தனை!

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம் குடும்பங்களின் நிலை இன்னும் கடுமை. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியாலங்கள். திரும்பிவந்து பார்த்தபோது கூரையும் கதவும் போயிருந்த வீடுகளில் வேறு குடும்பங்கள் இருந்தன. அவர்களிலும் இடம்பெயர்ந்தவர்கள் இருந்தார்கள். இரு தரப்பிலும் ஏழைகள். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் நாட முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேராது என்றது.

வெளிநாட்டிலுள்ளவர்கள் ஒன்று செய்யலாம். காணிப் பதிவகத்தில் ஆட்சேபப் பதிவு செய்து வைத்தால், அந்தக் காணி தொடர்பான எந்த உறுதியும் பதிவுக்கு வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். செலவு பெரிதல்ல. அற்றோணித் தத்துவம் கொடுப்பதாயின் பராமரிக்க மட்டுமா, விற்கவுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்; நோக்கம் முடிந்ததும் இரத்துச் செய்யுங்கள்.

பெண்களுக்கு மட்டும் உரிய சிக்கலும் ஒன்று உண்டு. தேசவழமைப்படி திருமணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போனவரென்றால் யாரிடம் கேட்பது? மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். சட்டம் 1911இலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறது. 2016இல் வந்த திருத்தம், இறந்தார் என்று பதியாமலே காணப்படாமைக்கான சான்றிதழ் பெற்றுச் சொத்தைப் பராமரிக்கவும் வழி செய்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாரும் மனைவிமாரும் இதைக் கேட்டு அறிய வேண்டும்.

2025 மார்ச் 28 வர்த்தமானியையும் மறக்கக் கூடாது. வடக்கில் சுமார் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. எதிர்ப்பும் வழக்கும் வந்தபின் அதே ஆண்டில் மீளப் பெறப்பட்டது. ஆனாலும் அந்த மூன்று மாதமும் உறுதி தேடி அலைந்த பலருக்கு, தங்கள் காணி எந்தத் துண்டில் வருகிறது என்றே தெரியவில்லை.

ஆளில்லாத வளவைப் பார்த்துக்கொள்ளும் அயலவர்களுக்கும் ஒரு சொல். கிணற்றை மூடி வையுங்கள், கூரைப் பீலியைத் துப்புரவாக்குங்கள். நுளம்பு பெருகினால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பது உங்கள் படலையில்தான்.

அந்த அம்மா இப்போது அந்த வளவில் ஒரு தற்காலிகக் கொட்டில் போட்டிருக்கிறார். உறுதியின் போட்டோப் பிரதிகள் மூன்று எடுத்து, ஒன்றை மகளிடமும் ஒன்றைத் தங்கையிடமும் கொடுத்துவிட்டார். மூலம் மட்டும் பொலித்தீனில் சுற்றிய நிலையில், பழைய திறப்போடு ஒரே பெட்டியில் இருக்கிறது. அந்தத் திறப்புக்குப் பூட்டு இல்லை.