நிறச்சொற்களும் மதிப்பீடும்: மாமை, பசலை, செம்மை ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ் நிறச்சொற்கள் பலவும் நிறத்தோடு பண்பு, உணர்வு, உடல்நிலை ஆகியவற்றையும் சுட்டுகின்றன. இன்றைய நிற மதிப்பீட்டை அவற்றின்மேல் ஏற்றிப் பொருள் கொள்ளும்போது பாடல்களின் அழகுணர்வு திரிபடைகிறது. தொல்காப்பியம், குறுந்தொகை, திருக்குறள் ஆகியவற்றின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிறம், மாமை, பசலை, செம்மை, வெண்மை, உரியியல்

முன்னுரை

ஒளியின் அலைநீளம் இயற்பியல் சார்ந்தது. அதனை எத்தனைப் பெயர்களாகப் பகுப்பது என்பது மொழி சார்ந்தது. பிரென்ட் பெர்லின், பால் கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட ஆய்வு, உலக மொழிகளின் அடிப்படை நிறச்சொற்கள் பதினொன்றுக்கு மேற்படா என்றும், அவை ஓர் ஒழுங்கான வரிசையில் பெருகுகின்றன என்றும் கூறியது. அவ்வாய்வு ஒரு சொல் எந்நிறத்தைக் குறிக்கிறது என்பதையே அளவிட்டது. நிறத்துக்கு அப்பால் அச்சொல் எதனைக் குறிக்கிறது என்பது இலக்கியச் சான்றுகளைக் கொண்டே அறியத்தக்கது.

இலக்கணம் காட்டும் நிறம்

உவமைக்கு அடிப்படையாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைத் தொல்காப்பியம் வகுக்கிறது. இவற்றுள் 'உரு' என்பது நிறம். வடிவமாகிய 'மெய்' என்பதிலிருந்து அது தனித்து நிற்கிறது. உரியியலிலோ, கறுப்பு, சிவப்பு ஆகிய சொற்கள் வெகுளியை உணர்த்தும் என்று முதலிலும், நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அடுத்தும் கூறப்படுகிறது. இவ்வரிசையைக் கொண்டு வெகுளியே முதற்பொருள் எனத் துணிதல் பொருந்தாது. யாவரும் அறிந்த சொல்லை விளக்க வேண்டா, அறியப்படாததையே விளக்க வேண்டும் என்பது உரியியலின் நெறி. எனினும், இரு பொருளும் ஒரே சொல்லில் வழங்கின என்பது இதனால் உறுதியாகிறது.

செம்மையும் வெண்மையும்

ஒரு சொல்லின் பொருளை அதன் எதிர்ச்சொல் தெளிவாக்கும். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல். செந்தமிழுக்கு எதிர் கொடுந்தமிழ். கொடுமை என்பதன் பொருள் வளைவு. ஆகவே, இவ்விடங்களில் செம்மை நேர்மையைக் குறிக்கிறதேயன்றிச் சிவப்பு நிறத்தைக் குறிக்கவில்லை. அவ்வாறே வெண்மை எப்போதும் தூய்மையைக் குறிப்பதில்லை. திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரம், தன்னைத்தான் அறிவுடையவனாகக் கருதும் செருக்கையே வெண்மை என்கிறது. வெண்மை நன்மை, கருமை தீமை என்னும் எளிய இணைப்பு இங்குச் செல்லாது.

மாமையும் பசலையும்

இவ்வேறுபாடு அகப்பாடல்களில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று மாமை. 'மா' என்பதற்குக் கருமை என்னும் பொருளுண்டு. முல்லைநிலத் தெய்வமாகிய மாயோன் பெயரிலும் அப்பொருளைக் காணலாம். மாமையை மாந்தளிரின் நிறம் என்றும் விளக்குவர். எவ்விளக்கத்தைக் கொண்டாலும், அது இன்று திருமண விளம்பரங்கள் வேண்டும் வெளுத்த நிறமன்று.

பிரிவினால் அம்மாமை கெடும்போது படர்வது பசலை. 'பசு' என்னும் அடி, பயிரின் பசுமையையும் பசும்பொன்னின் மஞ்சளையும் ஒருங்கே தழுவியது. பசலைக்குப் பீர்க்கம்பூ உவமையாவதும் இதனாலேயே. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் பாடலில், தலைவிக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் இன்பம் தராமல் மாமையழகைப் பசலை உண்ண விரும்புகிறது. மாநிறம் நலமாகவும், அது வெளிறுவது நோயாகவும் இப்பாடலில் அமைகின்றன.

இதனைக் கொண்டு, பழந்தமிழர் வெளிர்நிறத்தை வெறுத்தனர் என முடிவு செய்தலும் பிழையாகும். இளமகளிர் மேனியில் தோன்றும் பொன்னிறப் புள்ளிகளாகிய சுணங்கு அழகின் அடையாளமாகவே போற்றப்பட்டது. சுணங்கும் பசலையும் பொன்னிறச் சாயல் உடையனவே. ஒன்று இளமையின் மலர்ச்சி, மற்றொன்று பிரிவின் வாட்டம். மதிப்பைத் தீர்மானிப்பது நிறமன்று, அந்நிறம் தோன்றும் சூழலே.

இன்றைய வழக்கு

இக்காலப் பேச்சுவழக்கில் வெளிர்நிற மேனியைச் 'சிவப்பு' என்பர். அதுவே அழகு என்னும் கருத்தும் உடன் வருகிறது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட 2020ஆம் ஆண்டு வரை ஆயிற்று. மேனி நிற வேறுபாடு பெரிதும் மெலனின் என்னும் நிறமியின் அளவையும் வகையையும் பொறுத்தது என்கிறது அறிவியல். அதில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை.

முடிவுரை

மாமையை 'அழகிய நிறம்' என்று பொதுப்பட உரைப்பதும், 'சிவந்த மேனி' என்று பெயர்ப்பதும் சொல்லின் வரலாற்றை மறைக்கின்றன. அகராதியாளரும் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் நிறச்சொல்லின் நிறப்பொருள், பண்புப்பொருள், சூழல் ஆகிய மூன்றையும் பிரித்துக் குறித்தல் வேண்டும். மாநிறத்தை அழகென்று பாடிய மரபை, அந்நிறத்தைக் குறையெனக் கருதும் சமூகம் தன் இலக்கியத்திலேயே காண அது வழிசெய்யும்.