ஒரே உயிர், அவசரமில்லாத ஆட்டம்

‘செத்தால் மறுபடி முதலிலிருந்தா? அப்படியொரு ஆட்டத்தை யாராவது ஆடுவார்களா?’ ரோக்லைக் வகைப் பாதாள ஆட்டங்களைப் பற்றிச் சொன்னதும் பலர் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பெரும்பாலான கணினி ஆட்டங்களில் விழுந்தால், கடைசியாகச் சேமித்த இடத்தில் எழுந்துகொள்ளலாம். இவற்றில் அது கிடையாது. பாத்திரம் இறந்தால் அதோடு முடிந்தது. சேமிப்புக் கோப்பும் மிஞ்சாது. அடுத்த ஆட்டத்தில் ஆளும் புதிது, வரைபடமும் புதிது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். 1980 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ‘ரோக்’ என்ற ஆட்டத்தை எழுதினார்கள். பின்னர் கென் அர்னால்டும் சேர்ந்துகொண்டார். திரையில் வெறும் எழுத்துகளும் குறிகளும்தான்: @ என்பது நாம், ஆங்கில எழுத்துகள் அரக்கர்கள். அறைகளையும் சந்துகளையும் ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அமைக்கும். எழுதியவர்களுக்கே கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது.

நிரந்தர மரணமும் மாறும் வரைபடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. வரைபடம் மாறாமலிருந்து நாம் மட்டும் செத்துக்கொண்டிருந்தால், அது வெறும் மனப்பாடம். வரைபடம் மாறினாலும் சாவு இல்லையென்றால், அதை ஊன்றிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டும் சேரும்போதுதான் ஆடுகிறவர் கண்ணைத் திறந்து பார்க்கிறார்.

ரோக்கின் வழிவந்த ‘நெட்ஹேக்’ 1987இல் வெளியானது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நான் இந்த ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம்: எல்லாம் விதிவசம் என்று நினைக்க வேண்டாம். பரமபதத்தில் தாயம் சொன்ன கட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். பாம்பு கடித்தால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. நெட்ஹேக்கிலும் உள்ளே பகடை உருண்டுகொண்டேதான் இருக்கிறது. ஆனால் எப்போது, எங்கே நின்று, கையில் எதை வைத்துக்கொண்டு அதை உருள விடுவது என்பது நம் முடிவு. உத்தி என்பது அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இந்த ஆட்டம் நம்மை அவசரப்படுத்துவதில்லை. நாம் ஒரு விசையை அழுத்தும் வரை அந்த உலகம் அசையாது. அரக்கன் பக்கத்தில் நின்றாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டு யோசிக்கலாம், அவன் காத்திருப்பான். மன்னிக்காத ஆட்டம், ஆனால் கேட்கிற நேரத்தையெல்லாம் கொடுக்கும் ஆட்டம். புதிதாக ஆடுகிறவர்கள் சாவது பெரும்பாலும் இந்த நேரத்தை வாங்கிக்கொள்ளாததால்தான்.

சிப்பாய் எறும்பை எடுத்துக்கொள்வோம். திரையில் நீல நிறத்தில் ஒரு சின்ன ‘ஏ’. சாதாரண மனிதப் பாத்திரத்தின் வேகம் 12, அதன் வேகம் 18. நாம் இரண்டு அடி வைப்பதற்குள் அது மூன்று அடி வைக்கும். ஒவ்வொரு முறையும் கடிக்கும், கொட்டவும் செய்யும். ஆகவே ஓடுவதில் பயனில்லை. முதுகில்தான் அடி விழும். திறந்த அறையில் நின்றால் எட்டுப் பக்கமும் திறந்திருக்கும். இரண்டு மூன்று எறும்புகள் வந்தால் சுற்றி வளைத்துவிடும். ஒரு சந்துக்குள் பின்வாங்கினால் ஒன்றொன்றாகத்தான் எதிரே வர முடியும். படிக்கட்டு காலடியிலேயே இருந்தால் இன்னும் நல்லது: தளம் மாறும்போது நம்மை ஒட்டி நிற்பவை மட்டுமே பின்தொடர முடியும்.

உயிர்ப் புள்ளி குறைந்துகொண்டே போகிறதா? விரலால் தூசியில் ‘எல்பெரத்’ என்று எழுதலாம். எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் பெயர் அது. பெரும்பாலான அரக்கர்கள் அதைக் கண்டு ஒதுங்குவார்கள். மனிதர்களும் மைனோட்டார் என்ற அரக்கனும் பொருட்படுத்தமாட்டார்கள். புதிய பதிப்புகளில், அதன்மேல் நின்றபடி நாமே ஆயுதத்தால் தாக்கினால் எழுத்து அழிந்துவிடும். உயிர்ப் புள்ளி முழு அளவில் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் தெய்வத்தை வேண்டலாம், குணமாகும். ஆனால் ஆட்டம் தொடங்கிய உடனே வேண்டக் கூடாது. ஒருமுறை வேண்டியபின் ஏறக்குறைய 1000 நகர்வுகள் பொறுத்திருப்பது பாதுகாப்பு. சின்ன ஆபத்துக்கு வேண்டிவிட்டால் பெரிய ஆபத்துக்கு அது இருக்காது.

அறிவு எப்படி ஆயுதமாகிறது என்பதற்கு ‘மிதக்கும் கண்’ நல்ல உதாரணம். அதன் வேகம் 1. தானாக யாரையும் தாக்காது. பாவம் போலத் தெரியும். வாளால் அடித்தால், அதன் பார்வை பட்டு நம் உடல் மரத்துப்போகும், சில சமயம் நூறு நகர்வுகளுக்கும் மேலாக. அந்த நேரத்தில் ஓர் எலி வந்தாலே போதும். இதை அறிந்தவர் தள்ளி நின்று கத்திகளை எறிந்து கொல்வார். பிறகு அதன் உடலைத் தின்பார். அதனால் ஒரு சக்தி கிடைக்கும்: கண்ணைக் கட்டிக்கொண்டால் அந்தத் தளத்தில் இருக்கும், மனம் படைத்த அரக்கர்கள் எல்லாம் தெரிவார்கள். தெரியாதவருக்குச் சாவு, தெரிந்தவருக்கு வரம். இரண்டுக்கும் நடுவே இருப்பது நாம் கற்றுக்கொண்ட ஒரு செய்தி மட்டும்தான்.

பைக்குள் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மந்திரக்கோல்கள், சுருள்கள், மருந்துக் குப்பிகளின் தோற்றமும் பெயரும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அதனால் பலர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சேர்த்து வைக்கிறார்கள். ஆனால் அறிய வழி இருக்கிறது. தெரியாத மந்திரக்கோலால் தரையில் எழுதிப் பாருங்கள். தோண்டும் கோலாக இருந்தால் அது தரையைச் செதுக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கீழ்நோக்கிச் செலுத்தினால் தரையில் துளை விழும், நாம் அடுத்த தளத்தில் இருப்போம், எறும்புகள் மேலேயே நின்றுவிடும். இறந்த பிறகு நெட்ஹேக் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் உடைமைகளை அடையாளம் காட்டட்டுமா என்று. ஆம் என்று சொல்லுங்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய கோல் பயன்படாமல் பைக்குள் கிடந்தது அந்தப் பட்டியலில் தெரியும். இதைவிட நல்ல பாடத்தை வேறெதுவும் சொல்லித் தர முடியாது. பாதி உயிர் போகும்போதே பையைத் திறக்க வேண்டும் என்று அப்போதுதான் மனதில் பதியும்.

இதில் இன்பம் எங்கே என்றால், இங்கேதான். இழப்பு உண்மையானதாக இருப்பதால் தப்பித்தலும் உண்மையாகிறது. பாத்திரத்தின் வலிமை அழிந்துவிடும். ஆடுகிறவரின் அறிவு அழியாது. அடுத்த ஆட்டத்தில் அதே முதல் தளத்தில் வெறும் ஆளாக நின்றாலும், சந்து எங்கே, படி எங்கே என்று கண் தானாகவே தேடும். அந்த மாற்றத்தை நமக்குள் உணர்வது, ஆட்டம் தரும் எந்தப் புதையலையும்விடப் பெரியது என்று நான் நம்புகிறேன்.

தொடங்க விரும்புகிறவர்கள் வால்கிரி என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக அடி தாங்குவாள், ஓசைப்படாமல் நடப்பாள், குளிர் அவளைத் தொடாது. வெற்றியை இலக்காக வைக்க வேண்டாம், அதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஆட்டத்தின் சுரங்கப் பகுதியில் இருக்கும் ஊரை அடைவது, சோகோபான் என்ற புதிர்த் தளங்களை முடிப்பது என்று சிறிய இலக்குகள் போதும். விதி மிகக் கடுமையாகத் தோன்றினால் ‘ஆராய்தல்’ முறையில் ஆடலாம். அதில் சாகும் நேரத்தில் ‘சாகவா?’ என்று ஆட்டமே கேட்கும், மறுத்துவிடலாம். சில நாள் அப்படிப் பழகுங்கள். பிறகு ஒரே உயிரோடு இறங்கிப் பாருங்கள். அதே எறும்பு எதிரே வரும்போது, விசையை அழுத்தும் முன் எவ்வளவு யோசிக்கிறீர்கள் என்பதிலேயே வித்தியாசம் தெரியும்.