கை கொடுக்க ஆளுண்டா?

செத்துக் கிடக்கிறான் ஒருவன். எங்கே? பகை சூழ்ந்த பாதாளக் குகையிலே! அவன் வாள் அங்கே, கவசம் அங்கே, மாதக் கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த பொருள் அத்தனையும் அங்கே. அவனோ, வெறுங்கையும் வெற்றுடம்புமாக, நெடுந்தொலைவுக்கு அப்பால் ஓர் ஊரின் வாசலிலே மறுபடி உயிர்பெற்று நிற்கிறான். உடலை மீட்க வேண்டும். தனியே போனால் மீண்டும் சாவு. போகாமலே இருந்துவிட்டாலோ, கெடு கடந்ததும் உடல் மக்கிப் போகும். உடைமையும் அதோடு போகும். என்செய்வான் அவன்?

கதையல்ல, தோழர்களே! கணிப்பொறித் திரையிலே நடந்த ஆட்டம். 1999 மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டிலே அன்றாடம் நடந்தது இது. மாதச் சந்தா கட்டி ஆடியவர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர். வீரன், வைத்தியன், மந்திரவாதி, துறவி என்று ஆளுக்கொரு வேடம் பூண்டு, பூதங்களோடும் டிராகன் எனப்படும் நெருப்புமிழும் பறவை நாகங்களோடும் போர் புரிந்தார்கள்.

“பொழுது போகாத பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு! இதைப் பற்றி எழுத வேறு இடம் கிடைக்கவில்லையா?” என்று கேட்போர் இருப்பர். இருக்கட்டும். ஆடியவர்களிலே பணக்காரப் பிள்ளையும் உண்டு. பகலெல்லாம் கிடங்கிலே பெட்டி சுமந்துவிட்டு இரவிலே ஆட உட்கார்ந்தவனும் உண்டு. அந்த ஆட்டத்திலே அவர்கள் கட்டிய அமைப்பைப் பார்த்தால், சங்கத்திலே பழகியவர்கள் சற்று நின்று கவனிப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அமைப்புக்குப் பெயர் கில்டு. இடைக்கால ஐரோப்பாவிலே நெசவாளரும் தச்சரும் கருமாரும் தத்தம் தொழிலுக்கென்று கட்டிய சங்கங்களுக்கு வழங்கிய பெயர் அது. ஆட்டக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நாம் சங்கம் என்றே சொல்வோமே!

வாசலில் நிற்பவனிடம் வருவோம். அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. சங்கத்தாருக்கு மட்டும் தெரியும் பேச்சுப் பகுதியிலே எழுதுவான்: “இன்ன குகையிலே, இன்ன மூலையிலே செத்துக் கிடக்கிறேன். கை கொடுக்க ஆளுண்டா?”

எழுதுவதற்கு முன்னே எத்தனை தயக்கம்! சிரிப்பார்களோ? ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ? சிரித்தவர்கள் உண்டு, மறைப்பானேன்! புதியவனைக் கேலி செய்வதற்கென்றே ‘நூப்’ என்று ஒரு சொல்லை வழக்கிலே வைத்திருந்தது அந்த உலகம். ஆனால் சங்கம் என்று ஒன்று ஒழுங்காக நடந்த இடத்திலே, கேட்டவனுக்குக் கிடைத்தது கேலியல்ல, கேள்விகள். எந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்திலே? எத்தனை பூதம் சுற்றுகிறது? கூட யார் செத்தது? கெடு இன்னும் எவ்வளவு?

பிறகு கிளம்பும் படை! ஆறு பேர் சேர்ந்தால் ஒரு குழு. அடி தாங்குபவன் முன்னே. அவன் காயத்தை ஆற்றும் வைத்தியன் பின்னே. பூதங்களை மயக்கி நிறுத்துபவன் ஒருவன். துறவி வேடம் பூண்டவனுக்குத் தனித்திறன் ஒன்று: பிணம்போல் விழுந்து நடிப்பான்! பூதங்கள், இவன் செத்தான் என்று திரும்பிப் போகும். மெல்ல எழுவான், தோழனுடைய உடலை நாலடி இழுப்பான், பூதம் திரும்பினால் மறுபடி விழுவான். இப்படியே விழுந்தும் எழுந்தும் குகை வாசல்வரை உடலைக் கொண்டு வந்து சேர்ப்பான். உடல் கைக்கு வந்ததும் வைத்தியன் மந்திரம் சொல்லி, சாவினால் இழந்த அனுபவத்தின் பெரும் பகுதியைத் திருப்பித் தருவான்.

இதிலே ஒரு நுட்பம். ஒருவன் உடலை இன்னொருவன் தன்னிச்சையாக இழுத்துவிட முடியாது. செத்தவன், “இன்னாருக்குச் சம்மதம்” என்று அவன் பெயரைக் குறித்து அனுமதி தர வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவனை அவன் நேரிலே கண்டதில்லை. நாடு வேறாக இருக்கலாம், நிறம் வேறாக இருக்கலாம், தொழில் வேறாக இருக்கலாம். ஆறு மாத உழைப்பை அவன் கையிலே ஒப்படைக்க வேண்டும். நம்பாமல் முடியுமா?

ஓடி வருபவன் அடுத்தவனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த உலகிலே ஒரு சொல் இருந்தது: ‘டிரெயின்’. அஞ்சி ஓடும் ஒருவனை ஒரு பூதம் துரத்தும். வழியிலே இன்னொன்று சேரும். பத்து, இருபது என்று ரயில் பெட்டிபோல் நீளும். அவன் வாசலைத் தாண்டித் தப்பிவிடுவான். வாசலிலே இளைப்பாறிக் கொண்டிருந்தவர்கள்மீது பாயும் அந்த ரயில்! ஆகவே, ஓடுகிறவன் “ரயில் வருகிறது!” என்று கூவிக்கொண்டே ஓட வேண்டும் என்பது எழுதாத சட்டம். கூவாமல் ஓடியவன் பெயர் ஊரெல்லாம் பரவும். அடுத்த முறை அவன் விழுந்து கிடக்கும்போது யார் வருவார்?

இத்தனை தொல்லையை எதற்காக வைத்தார்கள்? அறியாமையால் அல்ல. தனியாள் நெடுந்தூரம் போக முடியாதபடி சுவர் எழுப்பினால்தான் ஆட்டக்காரன் அடுத்தவனைத் தேடுவான், தேடினால் பழகுவான், பழகினால் விட்டுப் போகமாட்டான், போகாதவன் மாதந்தோறும் சந்தா கட்டுவான்! கம்பெனியின் கணக்கு அது. கணக்கு பலித்தது, ஐயமில்லை. ஆனால் முதலாளி தன் லாபத்துக்காக ஒரு கூரையின் கீழே கூட்டிய ஆட்கள், தமக்குள் பேசிக்கொண்டு தமக்கென்று சட்டதிட்டம் வகுத்தார்கள் பாருங்கள், அது அவன் கணக்கில் எழுதாத வரவு.

கொள்ளைப் பொருளைப் பங்கிடும் முறையைச் சொல்கிறேன். நாற்பது ஐம்பது பேர் கூடி ஒரு டிராகனை வீழ்த்தினால், கிடைப்பதோ இரண்டு மூன்று பொருள். யாருக்கு? தலைவனுக்கா? தலைவனின் மைத்துனனுக்கா? சண்டை! பல சங்கங்கள் இதனாலேயே உடைந்தன. 1999-இலேயே ஆஃப்டர்லைஃப் என்ற சங்கம் ஒரு வழி கண்டது. போருக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் புள்ளி. வந்த நாளுக்கெல்லாம் புள்ளி சேரும். பொருள் வேண்டுமென்றால் சேர்த்த புள்ளியைச் செலவழிக்க வேண்டும். ‘டிராகன் வதைப் புள்ளி’ என்று அதற்குப் பெயர். கம்பெனி செய்து கொடுத்ததல்ல. ஆட்டக்காரர்கள் தாமே பேரேடு எழுதிச் செய்தது. வருகைப் பதிவேடும் கூலிக் கணக்கும் நமக்குப் புதிதல்ல. ஆனால் வேலை செய்தவர்களே ஏட்டை வைத்திருந்தார்கள் அல்லவா, அது சற்றுப் புதிது!

அந்த ஆட்டத்திலே கெராஃபிர்ம் என்று ஒரு டிராகன். உறங்குபவன் என்பது அதன் பட்டப் பெயர். நான்கு காவலர் காக்கும் கல்லறையிலே உறங்கும். காவலர் நால்வரும் மாண்டால் விழிக்கும்; எதிர்ப்பட்டோரையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டு மறையும். பிறகு அந்த உலகிலே அது தோன்றாது. ஒரு முறைதான்! அதைக் கொல்வது யாராலும் ஆகாது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2003 நவம்பரிலே, ராலோஸ் ஸெக் என்ற களத்திலே மூன்று சங்கங்கள் கை கோத்தன. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள இடமுள்ள களம் அது. மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டிச் சங்கங்கள்! ஏறத்தாழ 200 பேர் திரண்டார்கள். நவம்பர் 15 அன்று போர். செத்து விழுந்தார்கள், வைத்தியர்கள் எழுப்பினார்கள், எழுந்தவர்கள் பாய்ந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். மணிக்கணக்கில் இப்படியே. டிராகனின் உயிர் முக்காலும் கரைந்து, கால் பங்குதான் மிச்சம். இன்னும் சற்று நேரம்...

டிராகன் மறைந்தது! மாயமா? இல்லை. ஆட்டத்தை நடத்திய சோனி கம்பெனியின் ஆட்கள் தலையிட்டு அதை எடுத்துவிட்டார்கள்.

கொதித்தது களம். கண்டனம் குவிந்தது. கம்பெனி வருத்தம் தெரிவித்து, மறுபடியும் போர் புரிய வழி விட்டது. நவம்பர் 17 அன்று அதே மூன்று சங்கங்கள் மீண்டும் திரண்டு உறங்குபவனை வீழ்த்தின. அதனிடமிருந்து கிடைத்த பொருள் என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. வெல்லவே முடியாதென்று நினைத்ததற்குப் பரிசு வைப்பார்களா!

அடுத்த ஆண்டு, 2004 நவம்பரிலே, பிளிஸ்ஸார்டு கம்பெனியின் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. சந்தா மாதம் 14 டாலர் 99 சென்ட். அங்கே செத்தால் உடைமை போகாது. சற்றே இளகிய சுவர். ஆயினும் குகைக்கு ஐந்து பேர் வேண்டும், பெரும்போருக்கு 40 பேர் வேண்டும். சங்கம் தொடங்க மனு எழுதி, தொடங்குபவனோடு சேர்த்துப் பத்துப் பேர் பெயர் காட்ட வேண்டும். நம் நாட்டிலே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஏழு பேர் போதும் என்றது. பூத உலகிலே மூன்று பேர் கூடுதல்!

இங்கேதான் திருப்பம். 2009 டிசம்பரிலே கம்பெனி ஒரு பொத்தானைக் கொண்டுவந்தது. குகைக்குப் போக ஆள் வேண்டுமா? அழுத்து. எங்கெங்கோ உள்ள களங்களிலிருந்து இயந்திரமே நான்கு பேரைப் பொறுக்கி எடுத்து, உன்னையும் சேர்த்துக் குகைக்குள்ளே கொண்டு நிறுத்தும். கேட்க வேண்டாம், தேட வேண்டாம், நடக்கவும் வேண்டாம்!

நல்லதுதானே? நல்லதுதான், ஒரு வகையிலே. அதைச் சொல்லாமல் விட்டால் அநீதி. இரவு வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஓய்வுள்ள தொழிலாளி, ஊர்ச் சதுக்கத்திலே நின்று “வைத்தியன் தேவை, வைத்தியன் தேவை” என்று முக்கால் மணி கூவிக்கொண்டிருந்தால், எப்போது ஆடுவது? ஓய்வு நிறைய உள்ளவனுக்கே பழைய முறை வசதி. பொத்தான், அந்த ஒரு மணிக்காரனுக்கும் குகையைத் திறந்துவிட்டது.

ஆனால் இயந்திரம் சேர்த்த ஐவரும் வெவ்வேறு களத்தார். வேலை முடிந்ததும் பிரிந்தால் மறுபடி சந்திக்க மாட்டார்கள். ஆகவே பேச்சு இல்லை, பெயர் கேட்பதில்லை. ஒருவன் வழி தெரியாமல் தடுமாறினால் கற்றுக்கொடுப்பதைவிட, ஓட்டுப் போட்டு வெளியேற்றுவது எளிது! அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. கெட்டவன் பெயர் கெடவில்லை. நல்லவன் பெயர் நிலைக்கவில்லை. ஆளைத் தேடித் தரும் வேலையை இயந்திரம் செய்தது சரி. ஆனால் ஒரே களத்து ஆட்களைச் சேர்த்திருந்தால், ஒரு மணிக்காரனுக்குக் குகையும் கிடைத்திருக்கும், நான்கு பெயர்களும் கிடைத்திருக்கும். வேகம் பெரிதென்று கம்பெனி முடிவு செய்தது. அதுதான் கோணல் என்பது என் கருத்து.

2010 அக்டோபரிலே சந்தாதாரர் 1 கோடியே 20 லட்சம். ஆட்டத்தின் உச்சம் அது. பிறகு இறங்குமுகம். பொத்தான்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, காரணங்கள் பல. ஆனால் பழைய ஆட்டத்தைத் திருப்பிக் கொடு என்ற குரல் மட்டும் ஓயவில்லை. 2013-இலே கம்பெனி கூட்டிய விழாவிலே ஒருவர் எழுந்து அதைக் கேட்டார். மேடையிலிருந்த அதிகாரி ஜே. ஆலன் பிராக், உங்களுக்கு அது வேண்டுமென்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையிலே வேண்டாம் என்ற பொருளிலே பதில் சொன்னார். கேட்பவனுக்கு என்ன வேண்டுமென்பது கேட்பவனைவிட அதிகாரிக்குத் தெரியுமாம்!

கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. நாஸ்டால்ரியஸ் என்ற பெயரிலே, தன்னார்வலர்கள் சிலர் பழைய ஆட்டத்தை அனுமதியின்றித் தாமே நடத்தினார்கள். 1½ லட்சம் பேர் ஆடியதாக அவர்கள் கணக்குச் சொன்னார்கள். கம்பெனியின் வக்கீல்கள் கடிதம் அனுப்பினார்கள். 2016 ஏப்ரலிலே கதவு மூடப்பட்டது. மூடிய கதவுக்கு முன்னே எழுந்தது மனு. கையொப்பம் இட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அச்சிட்ட மனு கம்பெனித் தலைவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

2017 நவம்பரிலே பழைய ஆட்டம் திரும்பி வரும் என்ற அறிவிப்பு! மேடை ஏறி அறிவித்தவர் யார்? அதே பிராக்! 2019 ஆகஸ்டு இறுதியிலே, பொத்தான் இல்லாத அந்தப் பழைய உலகம் திறந்தபோது, உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை. வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தவனுக்கு, வரிசையிலே தன் முறை இன்னமும் வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2022-இலே, பொத்தான் முதன்முதலில் வந்த காலத்து ஆட்டத்தையும் கம்பெனி திறந்தது. ஆனால் பொத்தானை விட்டுவிட்டுத் திறந்தது. பழைய ஆட்டக்காரர்கள் இரு கட்சி ஆனார்கள். “வேண்டாம், நாங்களே ஆள் தேடிக் கொள்கிறோம்” என்றது ஒன்று. “வயது ஏறிவிட்டது, வீடும் பிள்ளையும் வேலையும் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, கொடு” என்றது மற்றொன்று. 2009-இலே இருபது வயதாயிருந்தவனுக்கு இப்போது முப்பத்து மூன்று அல்லவா! 2023-இலே பொத்தான் வந்தது. ஐவர் போகும் குகைக்கு மட்டும்தான் அது. ஆட்டத்தின் உச்சியிலே, பனிக் கோட்டையிலே வீற்றிருந்த லிச் அரசனை எதிர்க்கப் பத்துப் பேரோ இருபத்தைந்து பேரோ கூட வேண்டும். அவர்களைத் திரட்டித் தரப் பொத்தான் வைக்கவில்லை. அதற்கு ஆட்டக்காரன் தன் சங்கத்தின் பேச்சுப் பகுதியிலேதான் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.