தடை நீங்கிய நாளும் தயங்கி நின்ற காலும்

உறையூரில் தறி கட்டி வாழும் குடும்பங்களுக்குப் பங்குனி ஆயில்யம் சிறந்ததொரு நாள். ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் பல்லக்கில் புறப்பட்டுக் காவிரியைக் கடந்து அன்று உறையூருக்கு எழுந்தருளுகிறார். கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி சேவை நடைபெறுகிறது. வழிநெடுக மக்கள் தத்தம் வாயிலில் நீர் தெளித்துக் கோலமிட்டுக் காத்திருப்பர். எங்கள் வீட்டில் அன்று ஒரு பொழுது தறியின் ஓசை நின்றிருக்கும்.

2020-ஆம் ஆண்டுப் பங்குனியில் அந்த வரவேற்பு இல்லை. மார்ச்சு 24-ஆம் தேதி மாலையில் தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. அவ்வாண்டு மக்கள் கூடிக் காணும் சேர்த்தி இல்லாது போயிற்று. பின்னர் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் தேதி முதல் தமிழகத்தில் பெரும்பாலான தடைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அம்மாதமே பங்குனித் திருநாளும் வந்தது. தெருவெங்கும் மக்கள். குழந்தைகள் தந்தையர் தோள்மீது அமர்ந்திருந்தனர். எழுபது வயதைக் கடந்த என் பெரியப்பா மட்டும் முகக்கவசம் அணிந்தவராய், வீட்டு வாயிற்படிக்கு உட்புறம் நின்றபடியே கை கூப்பினார். தெருவில் இறங்கவில்லை.

தடைகள் நீங்கியபோது நம் அங்கத்தினர் பலருடைய மனநிலை இவ்வாறு இரண்டாகவே இருந்தது. அக்காலத்தை நினைவுகூர்ந்து, அதனின்று நம் சங்கங்கள் கைக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டத்தை நம்பிய தொழில்கள்

நெசவும் வேளாண்மையும் வீட்டிலும் வயலிலும் நடப்பவை. ஆதலால் ஊரடங்கு அவற்றைப் பெரிதும் பாதிக்காது என்று முதலில் எண்ணியோர் உண்டு. அனுபவம் வேறாக இருந்தது. தறி வீட்டில் இருந்தது, நூல் வரவில்லை. தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்ப்பதற்குப் பலர் சேர்ந்து நிற்க வேண்டும், நிற்க இயலவில்லை. நெய்து வைத்த சேலைகளை வாங்குவார் இல்லை. திருமணத்திற்கு ஐம்பது பேர், இறுதிச் சடங்கிற்கு இருபது பேர் என்று விதி இருந்த காலத்தில் யார் சேலை எடுப்பார்?

பூ விளைவிப்போர் நிலை இதனினும் கடியது. ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்கு எட்டரை, கோப்பு முதலிய சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பூ வருகிறது. மல்லிகை மொட்டை விடியுமுன் பறித்தாக வேண்டும்; பறித்த பூ மறுநாளைக்கு நிற்காது. சேலையை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். பூவை வைக்க முடியுமா? பத்துப் பன்னிரண்டு மாதம் காத்து வளர்த்த வாழைத்தாரும் அவ்வாறே. லால்குடி, தொட்டியம் பகுதிகளில் தார் முற்றியபோது திருமணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. இலைக்கட்டுக்கும் கேள்வி இல்லை.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. நாம் கூட்டத்தால் வாழ்கின்றவர்கள். தேரும் திருமணமும் சந்தையும் இல்லையேல் நமக்கு வருவாய் இல்லை. நோயோ கூட்டத்தின் வழியாகவே பரவிற்று. எதனால் வயிறு நிறைகிறதோ அதையே அஞ்ச வேண்டிய நிலை நமக்கு நேர்ந்தது. தடை நீங்கியபோது மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றியதில் வியப்பு ஏது?

கதவு திறந்தது; பூக்கூடை நுழையவில்லை

தடைகள் ஒரே நாளில் நீங்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கம் ஏழு திருச்சுற்றுக்களை உடைய கோயில். வெளிச் சுற்றுக்களில் மக்கள் குடியிருக்கின்றனர். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மதிலுக்குள்ளேயே வாழ்வோர், காலையும் மாலையும் கோபுரத்தைக் கண்டும் ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே செல்லக்கூடவில்லை. அன்றாட வழிபாடு மட்டும் உள்ளே தொடர்ந்து நடந்தது. 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழகக் கோயில்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. ஆனால் தீர்த்தமும் பிரசாதமும் வழங்கலாகாது, இடைவெளி விட்டு நிற்க வேண்டும், அர்ச்சனைத் தட்டு கூடாது என்னும் கட்டுப்பாடுகள் இருந்தன.

எட்டரையில் பூந்தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனர் அன்று என்னிடம், "மாமா, கோயிற் கதவு மனிதருக்குத் திறந்துவிட்டது, பூக்கூடைக்கு இன்னும் திறக்கவில்லை" என்றார். தடை நீங்கிற்று என்று ஊரார் கொண்டாடிய நாளில் அவருடைய பூவுக்குத் தடை நீங்கவில்லை. ஓர் உத்தரவு எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

திருச்சி காந்தி மார்க்கெட்டின் வரலாறும் அத்தகையதே. மார்ச்சில் மூடப்பட்ட அந்தச் சந்தையின் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்திற்கு மாற்றப்பட்டது. சில்லறைக் கடைகள் பல இடங்களுக்குப் பிரிந்தன. வழக்கு மன்றம் வரை சென்ற பின், ஏறக்குறைய எட்டு மாதங்கள் கழித்து நவம்பர் இறுதியில் சந்தை மீண்டும் திறக்கப்பட்டது. மைதானத்தில் மழை பெய்தால் சேறு. கூரையின்றிக் காய்கறி மூட்டைகள் நனைந்தன. ஆயினும் நெடுஞ்சாலை ஓரமாதலின் லாரி வந்து திரும்ப இடம் இருந்தது; நெரிசல் குறைவு. பழைய இடத்திற்குத் திரும்பியபோது, வாடிக்கை மீண்டதை எண்ணி மகிழ்ந்தோரும், பழைய நெரிசலும் மீண்டதை எண்ணிப் பெருமூச்சு விட்டோரும் உண்டு.

முன்னரே திறந்ததால் வந்த துயரம்

அச்சப்பட்டோரைக் கோழைகள் என்று எண்ணுவது தவறு. அவர்கள் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 2021 தொடக்கத்தில் நோய் ஒழிந்ததென்றே நாம் நம்பினோம். முகக்கவசம் சட்டைப்பைக்குள் சென்றது. ஏப்ரலில் நோய் மீண்டும் எழுந்தது. அம்மாதம் 26-ஆம் தேதி கோயில்கள் மறுபடியும் மக்களுக்கு மூடப்பட்டன. மே 10 முதல் ஊரடங்கு. மே 21-ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. முதல் ஆண்டில் செய்தித்தாளில் மட்டும் கண்ட மரணத்தை அந்த மே மாதத்தில் நம் தெருவிலேயே கண்டோம். அரசாங்கக் கணக்கின்படி இந்நோயால் தமிழகத்தில் இறந்தோர் 38 ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்.

இது உலகம் அறியாத புதுமையன்று. 1918-ஆம் ஆண்டு இன்புளுவென்சாவும் முதலில் இலேசாக வந்து, சற்றுத் தணிந்து, பின்னர்க் கொடிய வேகத்துடன் திரும்பிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதற்கும் முன்னர், பம்பாயில் பிளேக் பரவியபோது 1897-இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழேயே 2020-லும் தமிழக அரசு விதிகளை வகுத்தது. சட்டம் நூற்றாண்டைக் கடந்து நினைவில் நிற்கிறது. மனிதர் நினைவோ ஓராண்டுக்குள் மங்கிவிடுகிறது.

என் பெரியம்மா அந்த மே மாதத்தில் இறந்தார். ஐம்பது ஆண்டுகளாகப் பெரியப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்த கைகள் அவை. அனுமதிக்கப்பட்ட சிலர்கூட வர அஞ்சினர். அவரைக் கொண்டு சென்றபோது தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன.

திருமணச் செலவு

தடைக் காலத்தில் ஏழைகளுக்குக் கிடைத்த ஒரு சிறு நன்மையையும் மறைக்கலாகாது. ஐம்பது பேருக்குள் மணம் முடித்த குடும்பங்கள் பல கடனின்றித் தப்பின. தறிக்கூலியை நம்பிப் பெண்ணை வளர்த்த ஒரு தந்தைக்கு, "அரசாங்க உத்தரவு, அதனால்தான் அழைக்கவில்லை" என்று சொல்வது எத்துணை பெரிய விடுதலை! தடை நீங்கியதும் மண்டபமும் விருந்தும் மீண்டன. நமக்குச் சேலை விற்றது. வாழை இலை விற்றது. மல்லிகை விலை ஏறிற்று. நம் வருவாய் பெருகியதும் அத்தந்தையின் கடன் பெருகியதும் ஒரே காரணத்தால்தான். அத்தந்தையும் நம் அங்கத்தினரே. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை.

சங்கத்தில் நடந்த ஒரு வாதம்

ஊரடங்கின்போது எங்கள் சங்கத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். முதியோரும் நோயாளிகளும் சங்கத்திற்கு வர வேண்டாம். நூலை அவர்கள் வீட்டுக்கே கொண்டு கொடுத்து, நெய்த சேலையை வீட்டிலேயே பெற்றுக்கொள்வது. கூலியைப் பாங்குக் கணக்கில் சேர்ப்பது. அக்காலத்தில் தமிழகத்தின் ரேஷன் கடைகளிலும், அவற்றுள் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை, வீடுதோறும் டோக்கன் கொடுத்து மக்களைப் பிரித்து வரவழைத்தனர். நெருக்கடி வந்தபோது கூட்டுறவு மனிதரின் வாயிலைத் தேடிச் சென்றது.

2022-இல் தடைகள் நீங்கியதும் நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் வந்தது: "இனி எல்லோரும் முன்போல் நேரில் வந்து நூல் பெற வேண்டும்." அதனைக் கொண்டுவந்தவன் நானே. நூல் சுமந்து வீடு வீடாகச் செல்வது இளைஞர்களுக்குப் பாரமாக இருந்தது. கணக்கிலும் தாமதம் நேர்ந்தது. தடையே இல்லாதபோது சலுகை எதற்கு என்று வாதிட்டேன். தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. இடையில் பங்குனி ஆயில்யம் வந்தது.

அன்று பல்லக்கு சென்ற பின் பெரியப்பாவிடம், "நோய்தான் குறைந்துவிட்டதே, இன்னும் அஞ்சலாமா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அச்சம் பாதிதான், தம்பி. இத்தனை பேரைக் காண எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அவளை வழியனுப்ப வர முடியாமற்போன கூட்டம் இதுதானே? அதற்குள் இறங்கி நிற்க எனக்கு இன்னும் கால் வரவில்லை" என்றார்.

அதன் பின் எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. அவரைச் சங்க வாயிலில் வரிசையில் நிற்கச் செய்யத் தீர்மானம் எழுதியவன் நான் அல்லவா? அடுத்த கூட்டத்தில் நானே அதனைத் திருத்தினேன். நேரில் வர இயன்றோர் வருவர். வேண்டுவோர் வீட்டுக்கு நூல் செல்லும். காரணம் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. வாரத்தில் ஒரு நாள் மட்டும் இப்பணி என்று வரையறுத்ததால் இளைஞர்களின் பாரமும் குறைந்தது. கேட்டவர்கள் சிலரே. அவர்களுள் பெரியப்பா ஒருவர்.

எண்ணிப் பார்க்க வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி உலகளாவிய அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. அரசாங்கத்தின் உத்தரவுக்குத் தேதி உண்டு. துயரத்திற்கும் தயக்கத்திற்கும் அவ்வாறு தேதி குறிக்க இயலாது. எட்டரை மைத்துனரின் மகிழ்ச்சி உண்மை. அவருக்குக் கூட்டம் வாழ்வு. பெரியப்பாவின் தயக்கமும் உண்மை. இவ்விருவரையும் ஒரே பேரேட்டில் அங்கத்தினராக வைத்திருப்பதே கூட்டுறவு. விரைந்து செல்வோரைத் தடுப்பதும் நம் கடமையன்று. பின்தங்கியோரை விட்டுச் செல்வதும் நமக்கு அழகன்று.

நெருக்கடியில் நாம் கற்ற நல்ல பழக்கங்கள் சில உண்டு. வர இயலாதவரைத் தேடிச் செல்வது அவற்றுள் தலையாயது. தடை நீங்கியது என்பதற்கு உதவியும் நீங்கியது என்று பொருள் கொள்ளலாகாது. ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினர்களும் தங்கள் பேரேட்டை ஒரு முறை புரட்டிப் பார்ப்பார்களாக. 2020-க்கு முன் தவறாது பொதுச் சபைக் கூட்டத்திற்கு வந்து, அதன் பின் வராதவர் யார்? அவர்கள் வீட்டு வாயிலுக்கு ஒரு முறை சென்று நலம் விசாரித்து வருவது நம்மால் இயலாத காரியமன்று.

சென்ற பங்குனியில் பல்லக்கு எங்கள் தெருவைக் கடந்தபோது பெரியப்பா படியிறங்கித் திண்ணையில் வந்து அமர்ந்தார். தெருவுக்கு இன்னும் இரண்டு படிகள் உண்டு. நாங்கள் அவசரப்படுத்தவில்லை.