படகுக்கு சீட் செய்வோமா?



குஷன் வேலை என்றாலே நம்ம திருவண்ணாமலையில் ஆட்டோ சீட்தான் ஞாபகத்துக்கு வரும். வருஷம் பூரா பக்தர்களை ஏற்றி இறக்கி ஓடுகிற ஆட்டோவில் சீட் கிழியாமல் இருக்குமா? டைலரிங் படித்த நம்ம உறுப்பினர்கள் சிலர் ரெக்சின் தைக்கவும் பழகியிருக்கிறார்கள். அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் வரும். அதுதான் மோட்டார் படகுக்கு சீட் செய்வது.

"நம்ம ஊரில் படகு ஏது?" என்று கேட்பீர்கள். ஏற்காடு, பிச்சாவரம், முட்டுக்காடு போன்ற இடங்களில் மோட்டார் படகுகள் ஓடுகின்றன. வெயிலிலும் தண்ணீரிலும் கிடக்கிற படகின் சீட் சீக்கிரம் கெட்டுப்போகும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆட்டோ சீட்டுக்கும் படகு சீட்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்டர் எடுக்க வேண்டும்.

பாரம் எங்கே நிற்கிறது?

தீபம் முடிந்ததும் ஐயங்குளத்தில் தெப்பல் நடக்கும். நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாமி தெப்பத்தின் நடுவில்தான் இருப்பார். ஓரத்தில் வைத்தால் தெப்பம் சாயும். படகும் அப்படித்தான். பாரம் நடுவிலும் தாழ்வாகவும் இருந்தால் படகு நிமிர்ந்து நிற்கும். மேலே ஏறினாலோ, ஒரு பக்கம் ஒதுங்கினாலோ சாய ஆரம்பிக்கும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு அடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளாவில் தானூர் என்ற இடத்தில் 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சவாரிப் படகு என்றும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது என்றும் செய்திகள் வந்தன.

படகில் ஒவ்வொருவரும் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்வது சீட்தான். அதனால் சீட்டின் இடம், உயரம், எத்தனை பேர் என்பதையெல்லாம் படகு கட்டுகிறவர்தான் முடிவு பண்ண வேண்டும். "இன்னும் ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி நீட்டித் தாங்க", "கொஞ்சம் ஒசத்திப் போடுங்க" என்று யாராவது கேட்டால், கூலி கூடக் கிடைக்கும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். படகு கட்டியவரைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

தண்ணீர் குடிக்கும் பஞ்சு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் வாங்க. 4 அடி நீளம், 18 அங்குல அகலம், 3 அங்குல கனம் உள்ள சீட் ஒன்று. அதன் கொள்ளளவு சுமார் 42 லிட்டர். சாதாரண ஸ்பாஞ்ச் போட்டு, அது பாதி ஊறினாலே 20 லிட்டர் தண்ணீர் குடித்துவிடும். அதாவது 20 கிலோ. தண்ணீர்க் குடம் ஒன்றைவிட அதிகம்! இப்படி நாலு சீட் ஊறினால் கண்ணுக்குத் தெரியாமல் 80 கிலோ ஏறிவிடும். நாற்றமும் பூசணமும் வேறு.

அதனால் படகுக்குக் குமிழ்கள் மூடிய ஃபோம் வேண்டும். கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. உட்காரச் சொகுசு வேண்டுமென்றால் அதை 2 அங்குலம் கீழே வைத்து, மேலே 1 அங்குலம் மட்டும் மெத்தென்ற ஃபோம் போடலாம். உறையின் அடிப்பக்கம் ரெக்சின் வேண்டாம், வலைத்துணி வைத்துத் தையுங்கள். உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் சீட் வரும் இடத்தில் செய்தித்தாளை விரித்து மாதிரி வெட்டுங்கள். படகின் ஓரம் வளைந்திருக்கும். டேப் மட்டும் வைத்து அளந்தால் சரியாக வராது. ஜாக்கெட்டுக்குப் பேப்பர் கட்டிங் போடுகிற நமக்கு இது புதுசு இல்லை.

2. வெயில் தாங்கும் ரெக்சின் வாங்குங்கள். 54 அங்குல அகலத்தில் எடுத்தால், மேலே சொன்ன சீட்டின் மேல்பக்கத்துக்கும் சுற்றுப்பட்டைக்கும் 1 மீட்டர் போதும்.

3. நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் இற்றுப்போகும். ஜிப் பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும்.

4. வீட்டுத் தையல் மிஷின் தாங்காது. கனமான மிஷினும், 18-ஆம் நம்பர் ஊசியும் வேண்டும். தையலைப் பொடியாகப் போடாதீர்கள், துளை நெருங்கி ரெக்சின் கிழியும். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மறையாது. துணி கிளிப் மாட்டித் தையுங்கள்.

5. ஃபோமை உறையைவிட அரை அங்குலம் கூடுதலாக வெட்டினால் சுருக்கம் விழாது.

பெட்டி செய்பவர் யார்?

சீட்டுக்குக் கீழே உள்ள பெட்டியை ஆசாரியிடம் விடுவது நல்லது. பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டா என்று நாம் பார்த்து வாங்க வேண்டும். வெட்டிய ஓரங்களுக்கு எபாக்சி பூச வேண்டும், தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். திருகாணி துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் மிதவை ஃபோம் அடைக்கச் சொல்வதும் உண்டு. 6 கன அடி பெட்டியை அடைத்தால், படகில் தண்ணீர் புகுந்து அது முழுகும்போது 160 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். இதற்குத் தெர்மாகோல் கூடாது. பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. அது உடம்பில் இருந்தால்தான் உயிர் காக்கும்.

ஆர்டர் எடுக்கும் முன்

ரெக்சின், ஃபோம், வலைத்துணி, நூல், ஜிப், ஆசாரி கூலி, பஸ் செலவு, நம்ம கூலி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நம்ம கூலியை எழுத மறப்பவர்கள்தான் அதிகம்! சாமான் வாங்கும் அளவுக்காவது முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடாதீர்கள். இதை மட்டும் நம்பி மிஷினுக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். ஆட்டோ சீட், பைக் சீட் வேலை கையில் இருந்தால், அதே மிஷினில் இதுவும் கூடுதல் வருமானம்.

சாதாரண ஸ்பாஞ்ச் துண்டையும் குமிழ்கள் மூடிய ஃபோம் துண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, ஒரு ராத்திரி கழித்து எடை போட்டுப் பாருங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு இரண்டையும் எடுத்து வாருங்கள். வித்தியாசம் எல்லோருக்கும் கையிலேயே தெரியும்.